ஹைகூல் அண்ணனும் நின்றுபோன கேஸும்

சித்திரை மாதத்து மதுரையில் குளிர் தாங்காமல் நடுங்கிய ஒரே மனிதர் ஹைகூல் அண்ணன்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஊரே அக்னி நட்சத்திரத்தில் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் குரங்குக் குல்லாவும் கழுத்தில் மஃப்ளருமாக வாசலுக்கு வந்து வெயிலில் குளிர்காய்வார். விளாங்குடிப் பக்கம் அந்தத் தெருவுக்கு நாங்கள் வாடகைக்குக் குடிபோன அன்று, சாமான் இறக்கிக்கொண்டிருந்த என்னிடம் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தபடி வந்து, "என்னா குளிரு மாப்ள" என்றார். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பதை வீட்டு புரோக்கர் சொல்லவே இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர் வீட்டுப் படுக்கையறைச் சுவரைக் குடைந்து ஒரு பழைய விண்டோ ஏ.சி. உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் ஒரு திருகு. அதைச் சுற்றி ஃபேன், லோ கூல், ஹை கூல் என்று எழுதியிருக்கும். வாங்கிய நாளில் அண்ணன் அதை ஹை கூலில் வைத்தார். பிறகு தொடவே இல்லை. திருகும் அங்கேயே இறுகிப்போய்விட்டது. அந்த அறைக்குள் போய் வந்தவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே வெளியே வந்து இந்தப் பெயரைப் பரப்பிவிட்டார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். இந்த உறவுமுறை மதுரைக்கு வெளியே செல்லாது.

தொழில் மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராகப் போய்க் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுச் சம்பாதித்தவர். வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்ற காது என்பதால், அவர் வீட்டு ஏ.சி. போட்ட சத்தம் அவருக்குச் சத்தமாகவே தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. ஏ.சி.யின் பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது 'டொக்' என்று ஓர் உதை. பிறகு 'டொர்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. நடுநடுவே 'கிணிங்' என்று எதுவோ கழன்று விழுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் நாள் மதியம் அதைக் கேட்டதும், பக்கத்தில் போர் போடுகிறார்கள் என்று நினைத்து, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரிக்கவே போய்விட்டேன்.

"போரா? அது நம்ம ஏ.சி. மாப்ள. உள்ள வா, செத்த நேரம் படுத்துப் பாரு" என்றார். நான் படுக்கவில்லை. என் மனைவி மட்டும் சாமர்த்தியமாக, அது கக்கிய சுடுகாற்றில் வத்தல் காயப்போட்டு எடுத்துக்கொண்டாள்.

அந்த இயந்திரத்துக்கு ஏதாவது கோளாறு வந்தால் அண்ணன் அதை வார்த்தையில் விளக்க மாட்டார். மெக்கானிக் பாண்டிக்குப் போன் போட்டு, "பாண்டி, கேளுய்யா" என்று சொல்லிவிட்டு, வாயாலேயே ஏ.சி.யாக மாறிவிடுவார். டொக், டொர்ர்ர்ர், கிணிங் எல்லாம் அச்சு அசலாக வரும். எந்த இடத்தில் இழுவை கம்மியாகிறது, எந்த இடத்தில் நடுக்கம் வருகிறது என்பது வரை செய்து காட்டுவார். ஒரு முறை கரண்ட் போயிருந்தபோது அவர் இப்படிப் போனில் ஓடிக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்த அவர் மனைவி கரண்ட் வந்துவிட்டதென்று மிக்சியை அமுக்கினார். அவரை நாங்கள் மதினி என்போம். மதினி அன்று கரண்டியோடு வெளியே வந்து, "இந்த மனுசனக் கட்டிக்கிட்டு நான் எம்புட்டுத்தான் ஏமாறுறது" என்று தெருவிடம் நியாயம் கேட்டார்.

அந்த ஏ.சி. அவர் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே மகள் நந்தினி பிறந்தது கத்திரி வெயிலில். உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்து, குழந்தை ராத்திரி பகல் பாராமல் வீறிட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடித்தார்கள். அந்த லாட்ஜ் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டியிருந்த அண்ணன், கூலிக்குப் பதிலாக இந்த ஏ.சி.யைக் கேட்டு வாங்கித் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்து மாட்டினார். 'டொக்' என்றதும் குழந்தை அழுகையை நிறுத்தியதாம். 'டொர்ர்ர்ர்' என்றதும் தூங்கியதாம். இந்தக் கதையை அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "எம் மகளத் தூங்க வச்ச சாமி மாப்ள அது" என்று முடிப்பார். ஆயுத பூஜைக்கு மைக்செட்டுக்குக்கூட ஒரு பொட்டுதான். ஏ.சி.க்கு முழு மாலை விழும்.

அந்த நந்தினியைச் சோழவந்தானில் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், வசதியானவர். நந்தினி தலைப்பிள்ளை உண்டாகி, பங்குனியில் சம்பந்தி வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "வளைகாப்பு முடிஞ்ச கையோட புள்ளையக் கூட்டிட்டு வந்துருவீக. சித்திரை வெயிலு. எங்க வீட்ல ரூமுக்கு ரூமு ஏ.சி. போட்ருக்கு. உங்க வீட்டு ரூமு சில்லுனு இருக்குமா? இல்லாட்டி சொல்லிருங்க சம்பந்தி, பிரசவத்த நாங்களே பாத்துக்குறோம்."

வெளியே யாராவது கேட்டால் நல்ல வார்த்தையாகத்தான் தெரியும். மதுரைப் பக்கத்தில் ஒரு தகப்பனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வர வக்கில்லை என்று ஊர் பேசும். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் எழுந்து நின்று, "சில்லுனா கேக்குறீக? கம்பளி எடுத்துட்டு வரச் சொல்லுங்க எம் மகள" என்று சொல்லிவிட்டு, நிரூபிக்க ஏ.சி. சுவிட்சைத் தட்டினார்.

டொக் என்றது. டொர்ர்ர்ர் என்றது. கிணிங் கூட வந்தது. குளிர் மட்டும் வரவில்லை. சம்பந்தியின் முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி ஒரு காற்று அடித்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவர், அப்படியே கார் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மெக்கானிக் பாண்டி வந்தார். ஏ.சி.யின் வயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாவுச் செய்தி சொல்ல வந்தவர் போலக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கேஸு பூராம் ஒழுகிப்போச்சு. இது ஆர்-22னு ஒரு கேஸு. ஓசோன்ல ஓட்டை விழுகுதுன்னு உலகம் பூராம் இத நிப்பாட்டிட்டு வாராங்க. பேசாம புதுசு மாட்டிருங்க."

எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "ஓட்டைன்னா, நம்ம வீட்டுக்கு நேர் மேலயா?"

"பொதுவாச் சொல்றேண்ணே."

"அப்ப சர்க்கார்ல வந்து மிஷினப் புடுங்கிட்டுப் போயிருவாய்ங்களா?"

"அதெல்லாம் இல்ல. வச்சிருக்கறது குத்தமில்லண்ணே. ஒழுகாத மிஷினா இருந்தா நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருக்கலாம். இது உள்ள குழா பூராம் அரிச்சுக் கெடக்கு. அங்கிட்டு இங்கிட்டுத் தேடி பழைய கேஸ ஏத்துனாலும் கொஞ்ச நாள்ல திரும்பவும் போயிரும்."

"இப்ப வர்ற கேஸ ஏத்து."

"டீசல் வண்டில பெட்ரோல் ஊத்துவீங்களாண்ணே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்து, "ஒரு ஆத்திர அவசரத்துக்கு..." என்று ஆரம்பித்தார். பாண்டி பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

அதிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றுவதா வேண்டாமா என்று தெருமுனை டீக்கடையில் தினமும் பஞ்சாயத்து நடந்தது. மாற்றினால் கரண்ட் மிச்சம் என்றார் டீ மாஸ்டர். புதுசெல்லாம் உள்ளே இருக்கிற போர்டு போனால் அம்புட்டுத்தான் என்றார் ஓர் ஆட்டோக்காரர். ஏ.சி.யே உடம்புக்கு ஆகாது என்று ஒருவர் பஜ்ஜியை எண்ணெயோடு கடித்துக்கொண்டே சொன்னார். என்னிடம் கேட்டபோது, எங்கள் ஜன்னலுக்கு விடுதலை கிடைக்கும் சந்தோஷத்தில், "மாத்திருங்கண்ணே" என்று பட்டென்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு வயசாயிருச்சுன்னா மாத்திருவியா மாப்ள?"

நான் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். வளைகாப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. சோழவந்தானிலிருந்து சம்பந்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்து, ரூமு எப்படி இருக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு முறையும் ஏ.சி. ஓடுகிற சத்தத்தை வாயால் போட்டுக் காட்டிச் சமாளித்தார். சம்பந்தியும், "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று நம்பினார்.

அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. பழைய கேஸ் வேண்டுமென்றால் பழைய மிஷினில்தானே இருக்கும்? கொட்டாம்பட்டியில் அவருடைய தொழில் நண்பர் ஒருவர் இருந்தார். பந்தல், சேர், பாத்திரம், கூடவே சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி, எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஓரம் கட்டிப் போட்ட பழைய பெட்டி ஒன்று அவரிடம் கிடந்தது. அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, தன் வீட்டு வாசலில் இறக்கினார்.

இறக்கியதோடு விட்டாரா? உள்ளே கேஸ் இருக்கிறதா என்று பார்க்க வயரை இழுத்து பிளக்கில் மாட்டினார். பெட்டி உறுமிக்கொண்டு குளிர ஆரம்பித்தது. வெயில் படக்கூடாதென்று ஒரு வெள்ளை வேட்டியை அதன்மேல் தலை முதல் கால் வரை போர்த்தினார். வீட்டைப் பூட்டினார். மாட்டுத்தாவணியில் வேலையாக இருந்த பாண்டியைக் கையோடு பிடித்து வர அதே குட்டியானையில் ஏறிப் போய்விட்டார். போகிற வழியில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மதினி காலையிலேயே வளைகாப்புக்கு வளையல் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். இவ்வளவும் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ஃப்ரீசர் பெட்டி இறங்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. பேசாமல் போய் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். மதினி பையோடு பஸ் ஏறியதை டீக்கடையே பார்த்திருக்கிறது. அண்ணன் போனை எடுக்கவில்லை. பெட்டிக்குள் யார் என்பதைத் தெரு தானாகவே முடிவு செய்துகொண்டது.

நான் ஆபீஸில் இருந்தேன். என் மனைவி போன் செய்து, "ஏங்க, அண்ணே வாசல்ல பெட்டி இறங்கிருக்குங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்றே தெரியாது. வந்து பார்த்தால் தெரு அடைத்துப் பந்தல். அண்ணனிடம் வேலை பார்க்கும் ஆட்கள், முதலாளிக்குச் செய்யும் கடைசி மரியாதை என்று, இருக்கிற குழாய் அத்தனையையும் கட்டியிருந்தார்கள். முனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே குரங்குக் குல்லாவோடு சிரிக்கும் அண்ணன். யாருடைய போனிலும் வேறு படம் இல்லை. பெயர் தெரியாததால் 'ஹைகூல் அண்ணன்' என்றே அச்சடித்துவிட்டார்கள். மதுரையில் ஒரு மனிதன் சாவதைவிட வேகமாக ஃப்ளெக்ஸ் வந்துவிடும்.

பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹைகூலு வச்சவரே, எங்க அய்யா, எங்களக் கோடையில விட்டுப்புட்டுப் போனீகளே" என்று ஒருவர் எடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வேட்டியை விலக்கி முகத்தைப் பார்க்க யாரும் துணியவில்லை. மகள் வந்துதான் முதலில் பார்க்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் ஓர் ஓரமாக நின்று அழுதேன். சந்துக்குள் திரும்பிப் பார்த்தேன். அந்த ஏ.சி.யின் முதுகு சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கூடுதலாக அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து மதினி வளையல் பையோடு தெருவுக்குள் வந்தார். பந்தலைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார். "காப்பி குடிச்சுட்டு நல்லாத்தானே இருந்தாக" என்று ஒரு வார்த்தை சொன்னார். பை கீழே விழுந்தது, வளையலெல்லாம் உடைந்தது. அவரை நாலு பேர் தாங்கிக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அடுத்ததாகச் சோழவந்தான் கார் வந்தது. சம்பந்தி இறங்கினார், ஒரு கையில் ரோஜா மாலை, ஒரு கையில் கோடி வேட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏ.சி. ஏ.சி.னு நாந்தான் மனுசன அரிச்செடுத்துட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார்.

தெருமுனையில் குட்டியானை வந்து நின்றது. அண்ணன் இறங்கினார்.

கூட்டத்தையும் பந்தலையும் தூரத்திலிருந்தே பார்த்தவர், முறைப்படி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஃப்ளெக்ஸின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு மாப்ள?"

விரலை நீட்டி அவரையே காட்டினேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற பாண்டியைப் பார்த்தார். பாண்டி, "நான் இல்லண்ணே" என்றார். பிறகுதான் தன் வீட்டு வாசலும் பெட்டியும் அண்ணன் கண்ணில் பட்டன. அவர் நினைத்தது மதினியை. "ஆத்தி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியா" என்று தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். பெட்டியின் மேல் விழுந்தார். அந்தப் பக்கம் மதினி விழுந்து கிடந்தார். இருவரும் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சம்பந்தி கையிலிருந்த மாலையோடு சிலையாக நின்றார். ஒப்பாரியை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்குத் திறந்த வாய் மூடவில்லை. பாண்டி ஒருவர்தான் தன் வேலையைப் பார்த்தார். குனிந்து பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துவிட்டு, "அண்ணே, இதுல இருக்கறது வேற கேஸுண்ணே. உங்க மிஷினுக்கு ஆகாது" என்றார்.

அதற்குள் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. நந்தினி. வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி கேத வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் வீட்டில் அறைக்குள் வைத்துப் பூட்டாத குறையாகத் தடுத்திருக்கிறார்கள். மீறிக்கொண்டு வந்துவிட்டாள். தலை அவிழ்ந்து கிடக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வந்ததைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வராது. அண்ணன் எழுந்து நின்றார். நந்தினி அப்பாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்கடியில் குனிந்திருந்த ஏ.சி. மெக்கானிக்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்துபோக, மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அருகில் வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஒரு ஓட்ட ஏ.சி.க்காக என்னைய வழி நெடுகக் கொன்னுட்டியேப்பா."

"இல்லத்தா, கேஸு..."

"கேஸாவது மண்ணாவது. நான் ஃபேனுக்கடியில படுத்துக்குவேன், தரையில ஈரத்துணியப் போட்டுப் படுத்துக்குவேன். ஏ.சி. இல்லாட்டி நான் செத்துற மாட்டேன். நீ இல்லாட்டி நான் எந்த வீட்டுக்குப்பா பிரசவத்துக்கு வாரது?"

அண்ணனின் முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மகளின் வயிற்றில் கை வைக்கப் போய், பயந்து கையை இழுத்துக்கொண்டார். அவளே அந்தக் கையைப் பிடித்து வைத்தாள். அண்ணன் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"பாண்டி, கழட்டிரு."

சம்பந்தி மூக்கைச் சிந்திவிட்டு முன்னால் வந்தார். "ஏ.சி.யும் வேணாம் ஒண்ணும் வேணாம் சம்பந்தி. புள்ள இங்கதான் இருக்கும். நீங்க மட்டும் ஒழுங்கா இருங்க, அது போதும்" என்றார். பிறகு கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். சாவு வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. பாண்டி சுவரிலிருந்து ஏ.சி.யைப் பெயர்த்து வெளியே கொண்டுவந்ததும், அதற்கே மாலையைப் போட்டார். கோடி வேட்டியையும் போர்த்தினார். கட்டிய குழாய் வீணாகக் கூடாதென்று மைக்செட் ஆட்கள் பாட்டுப் போட்டார்கள். குட்டியானையில் ஏறிப் பழைய இரும்புக் கடைக்குப் போன அந்த ஏ.சி.க்குக் கிடைத்த மரியாதை, அந்தத் தெருவில் எந்த மனிதனுக்கும் கிடைத்ததில்லை. அண்ணன் தெருமுனைவரை கூடவே நடந்து போனார். அப்படிப் போகும்போதுதான் ஃப்ளெக்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"கண்ணீர் அஞ்சலில எவனாச்சும் குல்லாயோட போட்டோ போடுவானா?" என்று கேட்டார். வேறு எதற்கும் அவர் கோபப்படவில்லை.

வளைகாப்புக்கு முன்பே புது ஏ.சி. வந்துவிட்டது. மேலே மாட்டுகிற வெள்ளை ஸ்பிளிட் ஏ.சி. அண்ணனுக்கு அதன்மேல் நம்பிக்கையே வரவில்லை. "ஓடுதா மாப்ள?" என்று கேட்பார். காதை வைத்துப் பார்ப்பார். புதுக் கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும் குணம் உள்ளது, அதனால் கண்டவனையும் பிரிக்க விடாதீர்கள் என்று பாண்டி சொல்லப்போக, திருவிழாவுக்கு வைக்கிற மணல் வாளியைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார். பழைய ஏ.சி. இருந்த இடத்தில் சுவரில் பெரிய ஓட்டை. கொத்தனார் நாளை வாரேன் நாளை வாரேன் என்று இழுத்தடிக்க, அந்த ஃப்ளெக்ஸையே மடித்து ஆணி அடித்து மறைத்தார். மடித்ததில் முகம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. என் மனைவி காலையில் காப்பி போட ஜன்னலைத் திறந்தால், எதிரே 'கண்ணீர் அஞ்சலி', குல்லாவோடு அண்ணன். முதல் நாள் பால் பாத்திரத்தைக் கீழே போட்டாள். பிறகு பழகிக்கொண்டு, "அண்ணே, காப்பி ஆச்சா" என்று ஃப்ளெக்ஸிடம் கேட்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து, "ஆச்சுத்தா" என்று பதில் வரும்.

நந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அது மதியமானால் வீறிட்டது. அறை சில்லென்றுதான் இருந்தது. தொட்டிலில் போட்டார்கள், தோளில் போட்டார்கள், திருஷ்டி கழித்தார்கள். ஓட்டை வழியாக எல்லாம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நந்தினியும் தூங்க முடியாமல் அழுதாள்.

ஒரு நாள் மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது.

டொக். டொர்ர்ர்ர்ர்.

என் மனைவிக்குக் கையிலிருந்த அப்பளம் நழுவியது. "ஏங்க, அத மாலை போட்டுல்ல அனுப்புனோம்" என்றாள். நடுவில் சரியாக அதே இடத்தில் 'கிணிங்' என்றது. கையைக் கழுவாமல் சந்துக்குள் போய், ஃப்ளெக்ஸின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன்.

கட்டிலில் நந்தினி தூங்கிக்கொண்டிருந்தாள். தரையில் மதினி தூங்கிக்கொண்டிருந்தார். குல்லாவும் மஃப்ளருமாக அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய காலில் குழந்தை. கன்னம் இரண்டும் அதிர, கழுத்து நரம்பு புடைக்க, அவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் சத்தம் நின்றுவிடும், நின்றால் பேத்தி விழித்துவிடும். வாயை நிறுத்தாமலே கையை ஆட்டி, போ போ என்று என்னை விரட்டினார்.

அந்த வீட்டைக் காலி செய்து நாங்கள் ஊமச்சிகுளம் பக்கம் வந்துவிட்டோம். இங்கே எங்கள் ஏ.சி. மூச்சுக்கூட விடுவதில்லை. இந்தச் சித்திரையில் ஒரு மதியம் புரண்டு புரண்டு படுத்துப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்ன மாப்ள, யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லண்ணே. தூக்கம் வரல."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"போனத் தலமாட்ல வச்சுட்டுப் படு" என்றார்.

வைத்தேன். டொக் என்றது. அவர் எவ்வளவு நேரம் ஓடினார், எப்போது போனை வைத்தார் என்று எனக்குத் தெரியாது. எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யாரோ போர்த்திவிட்ட மாதிரி இருந்தது.